அக்காவுக்கு, ராஜினாமாவுக்குப் பிறகு

அன்புள்ள அக்கா,

நேற்று துறையில் கவுன்சலிங் கற்பிக்கும் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். உங்களிடம் போனில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பீர்கள், அதற்குள் என் மனம் மாறியிருக்கும். அதனால் எழுதுகிறேன். மன்னியுங்கள். நம் பழைய மாணவர்களும் காரணம் கேட்பதால் எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன். துறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம்.

உங்களிடம் படித்தபோது நான் பதிவு செய்து கொண்டுவந்த அந்த கவுன்சலிங் டேப் நினைவிருக்கிறதா? தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசிக்கொண்டே வந்த ஆயா, மகன் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டார். நான் உடனே, "எல்லாம் சரியாகிவிடும் ஆயா" என்றேன். (அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.) நீங்கள் டேப்பை நிறுத்தி, "இந்த இடத்தில் உனக்கு என்ன ஆச்சு?" என்றீர்கள். தொண்டை அடைத்தது என்றேன். "அப்போ அந்த ஆறுதல் யாருக்கு?"

அமெரிக்க உளவியலாளர் காரல் ரோஜர்ஸ் 1940களிலேயே கவுன்சலிங் அமர்வுகளைப் பதிவு செய்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். பதிவை நிறுத்தி நிறுத்தி, அந்த நொடியில் மனதில் ஓடியதை நினைவுகூரும் முறையை நார்மன் ககன் வகுத்தார். அதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். எந்த நொடியில் நிறுத்துவது என்பதை உங்களிடம்தான் பார்த்தேன்.

அப்புறம் நான் அழுதேன். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் ஒரு சீட்டில் வேறொரு கவுன்சலரின் நம்பரை எழுதி என் பக்கம் தள்ளினீர்கள். "நான் உனக்கு மார்க் போடுகிறவள், இதை என்னிடம் பேசாதே." விதி சரிதான். என் மாணவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அம்மா கையால் எங்கள் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறீர்கள்! ஐந்து நிமிடம் அக்காவாக இருந்திருக்கக் கூடாதா?

நிறவெறிக் காலத்தில் இந்தியருக்கென்று 1961-ல் கடற்படையின் பழைய கட்டடங்களில் தென்னாப்பிரிக்க அரசு திறந்த கல்லூரிக்கு, டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரித் தீவுக்கு, படகில் போய்ப் படித்தவர் நீங்கள். ஒரு பிசகுக்கும் இடம் கொடுக்காமல் இருந்ததால்தான் நிமிர்ந்து நின்றீர்கள் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது.

இனி நம் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் கூடத்தில் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கப் போகிறேன். பதிவு பெற்ற கவுன்சலர் என்ற பிரிவே ஊருக்குள் முதல் கட்ட உதவி கிடைக்கட்டும் என்று வந்ததுதானே. ஊருக்குப் போங்கள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் மட்டும் மலை மேலுள்ள வளாகத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் நாற்காலியை உதறிவிட்டதாக நினைக்காதீர்கள். அப்படித்தான் நினைப்பீர்கள் என்றும் தெரியும்.

ஒரு உதவி வேண்டும். என் மாணவிகள் இருவர் கவுன்சலராகப் பதிவு பெறத் தேவையான 720 மணி நேரப் பயிற்சியின் பாதியில் இருக்கிறார்கள். புது ஆள் வரும்வரை சூப்பர்விஷனுக்கு, அதாவது அவர்கள் டேப்பைக் கேட்டு வழிகாட்ட, நீங்கள் உட்கார்ந்தால் போதும் என்று துறையில் சொல்கிறார்கள். ஒருத்தி என்னை மாதிரியே அவசரப்பட்டு ஆறுதல் சொல்கிறவள். அவள் டேப்பை முதலில் கேளுங்கள்.

உங்கள் தங்கை