பழைய டிஸ்க்கின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்குவதா, கன்சோல் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்குவதா என்று போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வீட்டில் மூன்று பேரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். கன்சோல் பெட்டி மலிவு, கேம் விலை அதிகம். கம்ப்யூட்டருக்கு ஆரம்பச் செலவு அதிகம், கேம் மலிவு. ஐந்து வருடம் போனால் கம்ப்யூட்டரே லாபம் என்று அட்டவணை போட்டிருந்தார் கட்டுரையாளர். கூட்டலில் தப்பில்லை. ஆனால் செலவை மட்டும் எழுதிவிட்டு வரவை விட்டுவிட்டார். ஆடி முடித்த பழைய கேம் டிஸ்க்கை விற்ற காசு எங்கே?

2018-இல் 'காட் ஆஃப் வார்' வந்தபோது என் மகன் அடம்பிடித்து, சோனியின் பிளேஸ்டேஷன் 4-க்கு அந்த கேம் டிஸ்க்கை ஏறக்குறைய 4,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்றே வாரத்தில் முடித்துவிட்டான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொடுத்தபோது 2,500 கிடைத்தது. அதோடு கொஞ்சம் போட்டு வேறொரு பழைய டிஸ்க் வாங்கி வந்தான். அப்புறம் பெரம்பூரிலேயே நாலு பையன்கள் சேர்ந்து ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பால் கவரைக்கூடச் சேர்த்துவைத்து எடைக்குப் போடுகிற வீடுகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கேம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2022 ஜனவரியில்தான்.

கம்ப்யூட்டரில் இந்த வழி அடைபட்டு இருபது வருடம் ஆகிறது. வால்வ் நிறுவனம் 2003-இல் ஸ்டீமைத் தொடங்கியது; இன்று அது கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடை. மறுவருடம் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'-ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கினாலும் ஸ்டீம் கணக்கில் பதிந்தால்தான் விளையாட முடியும். பிறகு மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய டிவிடி ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி வந்து போட்டால், 'இந்தக் கீ ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்றது. கீ என்றால் டிஸ்க்கோடு வரும், ஒரே கணக்கில் மட்டும் பதியக்கூடிய எண். திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் சிரித்தார். கையில் இருந்தது தட்டு மட்டும். கேம் வேறு யாருடைய கணக்கிலோ இருந்தது. நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று 2024 முதல் ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது.

இதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு வருடம் பொறுத்தால் பாதி விலைக்கும் கீழே வரும் கேம்கள் நிறைய. 2015 முதல் ரூபாயிலேயே கட்டலாம். பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் நண்பர்களோடு ஆடத் தனிச் சந்தா கிடையாது. பிளேஸ்டேஷன் 4 வந்ததிலிருந்து சோனி அதற்கும் பணம் வாங்குகிறது. போதாததற்கு, 'படிப்புக்கு' என்று சொல்லிக் கம்ப்யூட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். கேமின் காட்சிகளை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு எந்தப் பாடத்துக்கு என்று எந்த அப்பாவும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, பழைய டிஸ்க் மேல் நிறுவனங்களுக்கு ஏன் இவ்வளவு கண்? கன்சோல் பெட்டியைக் குறைந்த லாபத்திலோ நஷ்டத்திலோகூட விற்பார்கள். விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுத்துத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். இணையக் கடையில் விற்றால் அந்தப் பங்கு வழக்கமாக 30 சதவீதம். ஸ்டீமும் தொடக்கத்தில் அதே 30 எடுக்கிறதே என்பீர்கள். ஆனால் அங்கே பக்கத்திலேயே வேறு கடை போட முடியும்; எபிக் என்ற நிறுவனம் 2018 டிசம்பரில் 12 சதவீதம் போதும் என்று வந்து உட்கார்ந்தது. கன்சோலில் இணையக் கடை ஒன்றுதான், பெட்டி செய்தவருடையது. ரிச்சி தெருவில் கைமாறும் டிஸ்க்கில் மட்டும் அவருக்கு ஒரு பைசா கிடையாது.

அதனால்தான் 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிப்போடு பழைய டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது மைக்ரோசாஃப்ட். விளையாடுகிறவர்கள் கொதித்ததும் அதே வருடம் ஜூனில் பின்வாங்கியது. அந்தச் சமயத்தில் சோனி ஒரு குறும்படம் வெளியிட்டது: கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம். அன்று கைதட்டினோம்.

அந்தச் சோனிதான் 2021 பிப்ரவரியில் இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5-ஐ இரண்டு விலையில் இறக்கியது. டிஸ்க் போடும் டிரைவோடு 49,990, இல்லாமல் 39,990. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஸில் டிரைவே கிடையாது. 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் இல்லை; தனியாக வாங்கி மாட்ட வேண்டும். (வைஃபை அலைவரிசைச் சிக்கலால் அப்போது அது இந்தியாவுக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.) 10,000 ரூபாய் மிச்சம் என்று டிரைவ் இல்லாததை வாங்கி அப்படியே வைத்திருப்பவர், பழைய டிஸ்க் எதையும் மலிவாக வாங்கி ஆட முடியாது, முடித்ததை விற்கவும் முடியாது. டிஸ்க்குக்கு 2,500 என்று என் அனுபவக் கணக்கைப் போட்டால், நாலாவது கேமிலேயே அந்த மிச்சம் காலி.

அட்டவணையைத் திருத்தி வெளியிடுவதாக இருந்தால் டிரைவ் உள்ளதையும் இல்லாததையும் தனித்தனி வரிசையில் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குறைந்த விலையை மட்டும் காட்டியிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு என் மைத்துனர் மறுநாளே டிரைவ் இல்லாததை வாங்கி வந்து, என் மகனிடம் டிஸ்க் இரவல் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை