செத்த காலேஜ் துரையைப் பற்றி

சென்னை,
கார்த்திகை 10

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் மிளகுப் பொட்டலமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பிரித்ததும் வீடு முழுக்கக் கூடலூர் வாசனை. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதத்துக்கு அவரை அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் விடாதே. இங்கே என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் எழும்பூருக்குப் போய்விடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு பகல் பொழுது நீளமாகிவிட்டது. கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்தால் அது தெரிவதில்லை.

நாம் விடுதியில் இருந்த காலத்தில் ஒரு காணும் பொங்கலன்று அங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் வந்த கிராமத்துக் கூட்டம் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பாட்டி, "இதுதாண்டா செத்த காலேஜு, உயிர் காலேஜு அந்தப் பக்கம்" என்று பேரனுக்குச் சொன்னாள். உயிருள்ள மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ், பஞ்சடைத்த மிருகங்கள் இருந்த இடம் செத்த காலேஜ். சென்னைக்காரர்கள் வைத்த பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு மாதமாக நான் படித்துக்கொண்டிருப்பது அந்தச் செத்த காலேஜை 20 ஆண்டுக்கும் மேல் நடத்திய துரையைப் பற்றித்தான். எட்கர் தர்ஸ்டன். நாம் எம்.ஏ. படிக்கும்போது அடிக்குறிப்பில் மட்டும் பார்த்த பெயர்.

ஆள் மருத்துவம் படித்தவர். 1855இல் பிறந்து, ஈட்டன் பள்ளி, லண்டன் கிங்ஸ் கல்லூரி என்று படித்து, அந்தக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தார். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் சொல்லிக் கொடுத்தார். வந்த கையோடு மனிதர்களைத் தேடிப் போகவில்லை. முதலில் நாணயங்களை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போட்டார். அப்புறம் கடலுக்குப் போனார். ராமேசுவரம், பாம்பன், தூத்துக்குடி என்று அலைந்து பவளம், கடற்பஞ்சு, சிப்பி, சங்கு எல்லாம் சேர்த்தார். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றி 1890இல் எழுதினார். 1894இல்தான் வங்காள ஆசியக் கழகத்திடம் உடல் அளக்கும் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு நீலகிரிக்கு ஏறினார். தோடர், கோத்தர், படகர் என்று மலை மக்களை அளக்கத் தொடங்கினார். சென்னையில் வெயில் நூறு டிகிரி அடிக்கும்போது மலை உச்சியில் ஆராய்ச்சி நடத்துவது ரொம்ப அவசியம்தான் என்று சக அதிகாரிகள் கேலி பேசினார்களாம். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நாணயம், பவளம், மனிதர். இந்த வரிசைதான் என்னை உட்கார விடவில்லை. ஒரு நாணயத்தை எப்படி எடை போட்டு, விட்டம் அளந்து, சீட்டு ஒட்டி இழுப்பறையில் வைப்பாரோ அதே கையால்தான் அவர் மனிதரையும் தொட்டார். கெட்ட எண்ணத்தோடு தொட்டார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கைக்கு வேறு பழக்கம் இல்லை.

மூக்குக் கணக்கு உனக்குத் தெரியும். காலிப்பர் என்ற அளவுக் கருவியின் இரண்டு முனையையும் மூக்கின் இரு பக்கத்திலும் வைத்து அகலம் எடுப்பார்கள். புருவ நடுவிலிருந்து மூக்கின் அடி வரை உயரம். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். 70க்குக் கீழே என்றால் கூர்மூக்கு, 85க்கு மேலே என்றால் பரந்த மூக்கு, நடுவில் உள்ளது நடுத்தரம். சாதி உயர உயர மூக்கு ஒடுங்கும் என்று ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் ஒரு விதியே எழுதிவிட்டார். 1901இல் இந்தியா முழுவதற்கும் இனவரைவியல் கணக்கெடுப்பு என்று அரசாங்கம் தொடங்கியபோது, சென்னை மாகாணத்துக்குத் தர்ஸ்டன்தான் பொறுப்பு. ஏறத்தாழ 4 கோடி மக்கள், 1,50,000 சதுர மைல். அதன் விளைவுதான் 1909இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாகி வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதிகள். 300க்கும் மேற்பட்ட சாதிகளும் பழங்குடிகளும் ஆங்கில அகரவரிசையில். அகரவரிசை என்பதால் பார்ப்பனரும் பணியர் என்ற பழங்குடியினரும் ஒரே மாதிரி ஒரு தலைப்பாக நிற்கிறார்கள்.

உன் ஊர்க்காரர்கள் கதைக்கு வருகிறேன். வயநாட்டில் பணியர்கள் இருந்த இடத்துக்குத் தர்ஸ்டன் போயிருக்கிறார். பெண்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தால், தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கத்தான் துரை வந்திருக்கிறார் என்று நம்பியிருக்கிறார்கள். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். அப்படி மட்டும் முடியுமானால், ஆள் உயரப் பொம்மைகள் செய்யும் சிக்கல் எனக்குத் தீர்ந்துவிடுமே என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்களுக்குத் தெரியாததா? வெள்ளைக்காரர் காட்டுக்குள் வந்தால் என்ன செய்வார் என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். மானும் புலியும் பறவையும் எப்படிப் போயின என்று அறிந்தவர்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுக் கோவில் திருவிழாவில் ஆண்டுக்கு ஒரு முறை பணியர்களை அடிமை வேலைக்குப் பேசி முடிப்பது அந்தக் காலத்து வழக்கம் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? மனிதரைப் பிடித்துக்கொண்டு போவது அவர்களுக்குக் கட்டுக்கதை இல்லை. ஓடியதில் ஒரு தவறும் இல்லை, அறியாமையும் இல்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நீலகிரி இருளர் ஒருவர். என்றோ செய்த ஒரு சின்னக் குற்றத்துக்காகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆள். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும், இது தூக்குமரம், இதில் ஏற மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். காசும் சுருட்டும் கொடுத்துத்தான் பல இடங்களில் ஆட்களை நிற்க வைத்திருக்கிறார்கள்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது என்னிடம் ஓர் இருளர் பெண் படித்தாள். உனக்குக்கூட அவளைப் பற்றி எழுதியிருந்தேன். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். நானும் அவள் அப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தோம். ஆறாவது முறை அங்கிருந்த அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்றார். அவள் தெரியாது என்றாள். "அப்புறம் எப்படி நீ இருளர்?" என்றார். அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஆண்டு அவள் கல்லூரி சேர முடியாமல் போயிற்று. இத்தனை காலம் கழித்து இரண்டாம் தொகுதியில் 'இருளர்' என்ற தலைப்பைப் படிக்கும்போது அந்த மேசையும் அந்தப் பார்வையும்தான் எனக்கு முன்னால் வந்தன. நீலகிரி இருளர் தனி, செங்கல்பட்டு, ஆற்காடு இருளர் தனி என்று பிரித்துத்தான் எழுதியிருக்கிறார் தர்ஸ்டன். இன்றும் சான்றிதழ் வழக்குகளில் அவருடைய பக்கங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். யார் யார் என்று நிரூபிக்க, ஓடிப்போனவர்களைத் துரத்தி எழுதிய புத்தகம் வேண்டியிருக்கிறது. சில குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே உதவியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் சரக்கு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, பச்சை குத்தும் முறை, பூக்குழி, செடல், தாலி வகைகள், பழமொழிகள் என்று அள்ளி அள்ளி வைத்திருக்கிறார்கள். முகப்பிலேயே உதவியவர் என்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த கே. ரங்காச்சாரியின் பெயர் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் காதால் கேட்டு எழுத ஆள் இல்லாமல் இவ்வளவும் வந்திருக்காது. அந்த மனிதரைப் பற்றி யாராவது முழுதாக எழுத வேண்டும்.

மூன்றாம் தொகுதியில் கள்ளர் பற்றிய பகுதியைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. சொல்லுக்குத் திருடன் என்று பொருள் சொல்லி, போலீஸ் அதிகாரிகளின் குறிப்புகளை அடுக்குகிறார். தர்ஸ்டன் போலீசாருக்கு உடல் அளவையில் பயிற்சியும் கொடுத்தவர். சில சாதிகளையே குற்றவாளிகளாகப் பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இலேயே வடக்கே வந்துவிட்டது, அதற்கு இவர் காரணம் இல்லை. ஆனால் 1911இல் அது நம் மாகாணத்துக்கு வந்தபோது, ஒரு சாதி முழுவதையும் ஒரு குணமாகப் பார்க்கும் கண் ஏற்கெனவே அச்சேறித் தயாராக இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர்களைப் போலீசார் சுட்டார்கள். நாம் இருவரும் அந்த நினைவிடத்துக்குப் போய் நின்றது எனக்கு மறக்காது.

மூக்குக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். 1932இல் சமூகவியலாளர் குரியே அதே அளவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். ரிஸ்லியின் விதி நாடு முழுக்கப் பொருந்தவில்லை. அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர் யார் என்று எழுதியபோது அந்த மூக்குக் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டார். இந்த அளவை அறிவியல் என்றால், பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் அது சொல்கிறது என்று வாதிட்டார். சாதியைப் பிரிக்கப் பிடித்த காலிப்பரை அவர் திருப்பிப் பிடித்த அந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது.

தர்ஸ்டன் 1908இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். கடைசிக் காலத்தில் கார்ன்வாலில் வளரும் மரங்களையும் புதர்களையும் பட்டியலிட்டு 1930இல் ஒரு நூல் போட்டார். 1935இல் பென்சான்ஸில் இறந்தார். அவர் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு 1940இல் ஓர் இந்தியர் வந்தார். ஏ. அய்யப்பன். ஈழவச் சமூகத்தில் பிறந்து, லண்டனில் மானிடவியல் படித்து, தன் சமூகத்தைப் பற்றியே அந்த அருங்காட்சியக வெளியீடாக எழுதியவர். சென்னை மாகாணப் பழங்குடிகளின் நிலை பற்றி 1948இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தவரும் அவரே. அதில் கூலி உண்டு, கடன் உண்டு, நிலம் உண்டு. அந்தக் கட்டடத்தின் சுவருக்குள் இது நடந்தது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆறாம் தொகுதியில் பணியர் படங்கள் இருக்கின்றன. அடியில் சாதிப் பெயர் மட்டும்தான், ஆள் பெயர் இல்லை. ஏழு தொகுதியிலும் பெரும்பாலும் அப்படித்தான். நீ முன்பு அனுப்பிய போட்டோவில் ஒரு பாட்டி காதில் குன்றிமணி பதித்த தோடு போட்டுக்கொண்டு சிரித்தாளே, இந்தப் படங்களில் உள்ள முகங்களைப் பார்த்தால் அவள் முகம்தான் எனக்கு வருகிறது. ஆனால் இவர்களில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். ஓடிப்போனவர்களில் ஒருத்தியோ, ஓட முடியாமல் நின்றவளோ.

அந்தப் படங்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊட்டி வழியாக உன்னிடம் வருகிறேன். உன் பழைய மாணவர்களின் பாடியில், அதாவது பணியர் குடியிருப்பில், இருக்கும் பெரியவர்களுக்குக் காட்டலாம் என்று ஆசை. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, முகத்தை வைத்து யாரும் யாரையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மலை, அந்தக் குடிசை, அந்தக் காதணி அவர்களுடையது. நான் வருவதற்கு முன்னால் நீ போய் அவர்களிடம் கேட்டுவிடு. எங்கிருந்து வந்த படம், யார் எடுத்தது, அன்று எதற்காகப் பெண்கள் ஓடினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேள். பார்க்க வேண்டாம் என்றால் பையை விட்டு வெளியே எடுக்க மாட்டேன். உன் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அங்கே குளிர் எப்படி என்று எழுது, கம்பளி இரண்டாக எடுத்துவர வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

உன்,
பழைய அறைத்தோழன்