பதினாறு மீட்பர்கள் பட்டியலை இனி அச்சிட வேண்டாம்: பகுத்தறிவு வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தோழர்களுக்கு,

வணக்கம். ஏசுவுக்கு முன்பே பதினாறு மீட்பர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள் என்னும் பட்டியல் நம்மிடையே இன்றும் கைமாறி வருகிறது. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் மரபில் வளர்ந்த அமெரிக்கர் கெர்சி கிரேவ்ஸ் 1875-இல் வெளியிட்ட நூலில் இருந்து வந்தது அது. வேதாகமக் கதைகளையும் பிற நாட்டுத் தொன்மங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று எளிய வாசகர்களிடம் அந்தக் காலத்தில் சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். அவர் காட்டும் சான்றுகளைத்தான் ஏற்க முடியவில்லை.

பட்டியலில் ‘விட்டோபா’ என்றொரு பெயர் இருக்கிறது. அவர் கி.மு. 552-இல் சிலுவையில் அறையப்பட்டதாகக் கிரேவ்ஸ் எழுதுகிறார். நம் பண்டரிபுரத்து விட்டலன்தான் அவர். புண்டலீகன் தாய்தந்தையருக்குப் பணிவிடை செய்து முடிக்கும்வரை, அவன் எறிந்த செங்கல்லின் மேல் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் காத்து நின்ற பாண்டுரங்கனின் கதை, பஜனை மடத்துக்குப் போன குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதையில் சிலுவையும் இல்லை, ஆணியும் இல்லை. கண்ணனும் அதே பட்டியலில் இருக்கிறான். மகாபாரதத்தின் மௌசல பருவத்திலோ, மானென்று நினைத்து ஜரா என்னும் வேடன் எய்த அம்பு காலில் தைத்து அவன் உடல் நீக்குகிறான்.

கிரேவ்ஸ் மூலநூல்களைத் தேடிப் போகாமல், 1836-இல் வெளிவந்த காட்ஃப்ரி ஹிக்கின்ஸின் ‘அனகாலிப்ஸிஸ்’ போன்ற நூல்களையே பெரிதும் நம்பினார். மாக்ஸ் முல்லர் ரிக் வேதத்தைச் சாயணர் உரையுடன் 1874-க்குள் பதிப்பித்து முடித்துவிட்டார். மூலநூல்கள் அச்சில் கிடைக்கத் தொடங்கிவிட்ட காலம் என்பதால், இதைக் காலத்தின் குறை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

‘இது எந்த நூலில் இருக்கிறது?’ என்று புராணிகர்களைக் கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. நாளை ஒரு பாதிரியார் எழுந்து, விட்டலன் சிலுவையில் மாண்டதாக எந்த அபங்கம் (விட்டலனைப் போற்றும் மராத்திப் பக்திப் பாடல்) பாடுகிறது என்று கேட்டால், நம்மிடம் விடை இல்லை.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்தப் பட்டியலை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில், 1872 டிசம்பரில் பழைய மெசபடோமிய எழுத்துகளை ஆய்ந்த ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்துக் காட்டிய, கில்காமேஷ் காப்பியத்தின் வெள்ளக் கதை உள்ள களிமண் பலகையின் மொழிபெயர்ப்பை வெளியிடுங்கள். நோவாவின் கதையில் வருவது போலவே அதிலும் பெருவெள்ளம் வருகிறது. கப்பல் மலையில் தங்குகிறது. முதலில் புறாவும் பிறகு தகைவிலான் குருவியும் போய்த் திரும்பி வருகின்றன, கடைசியாகப் போன அண்டங்காக்கை திரும்பவில்லை. அந்தப் பலகை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

தோழமையுடன்,
உங்கள் வெளியீடுகளின் நெடுநாள் வாசகன்