தேர் திரும்பும் முனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுபான்மையினர் ஓட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயர் (பிஷப்) கைகாட்டிய பக்கம் கிறிஸ்தவர்கள் அப்படியே சாய்ந்துவிடுவார்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சொல்பேச்சு கேட்கிறவர்கள் என்றால் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஆண்கள் நேரத்துக்கு வந்திருப்பார்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். கன்னியாகுமரியில் கிட்டத்தட்ட பாதிப் பேர். எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நூற்றுக்கு ஒருவர், இருவர், அவ்வளவுதான். 2019 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் வெற்றி வித்தியாசம் 70,753 ஓட்டு. கிருஷ்ணகிரியில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. நாங்கள் மொத்தமாக எந்தப் பக்கம் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனாலும் கட்சிக்காரர்கள் வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வேட்புமனு பரிசீலனை பெரிய வியாழன் அன்று, வாபஸ் வாங்கக் கடைசி நாள் பெரிய சனி. மறுநாள் ஈஸ்டர். கோயில் வாசலில் வாழ்த்துச் சொல்ல நின்றவர்களில் பாதிப் பேர் தோளில் கட்சித் துண்டு.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "அன்பான இறைமக்களே" என்று தொடங்கி, ஒரு வேத வசனம், நாட்டுக்காக ஒரு ஜெபம், கடைசி வரியில் சின்னம்! மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வழிபாட்டு இடத்தைப் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியும் இருக்கிறது. அடுத்தவர் கோயிலில் நடந்தால் இதையெல்லாம் நாம் சுட்டிக்காட்டுகிறோம் இல்லையா?

பயம் இல்லை என்று சொல்லவில்லை. மணிப்பூரில் 2023இல் தேவாலயங்கள் எரிந்ததைப் பார்த்தபிறகு இங்கே பாட்டிமார்கூட அரசியல் பேசுகிறார்கள். 2024 சனவரியில் பொம்மிடிப் பக்கம் பி. பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயிலுக்கு, நடைபயணத்தின் நடுவே, அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை வந்தபோது இளைஞர்கள் சிலர் மணிப்பூரைச் சொல்லி மறித்தார்கள். அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் கேட்ட கேள்வியில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கேள்வி சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கேட்கப்பட வேண்டியது, எங்கள் ஆட்கள் அல்லாதவர்களும் சேர்ந்து. 2002இல் அ.தி.மு.க. ஆட்சியில் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் போனது எப்படி? 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஒரு இடம்கூட இல்லாமல் தோற்றது. அதே மே மாதம் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அது எங்கள் ஓட்டால் மட்டும் நடந்ததா? அரசு ஊழியர்களும் விவசாயிகளும் கோபமாக இருந்த வருஷம் அது.

சரி, என்ன கேட்க வேண்டும்? எனக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மதம் மாறிய தலித்துகள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்குக் கிடைத்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. என்னிடம் படித்த அண்ணன் தம்பி இருவர். ஒரே வீடு, ஒரே கூலி வேலை. அண்ணன் சான்றிதழில் எஸ்.சி.; ஞானஸ்நானம் வாங்கிய தம்பிக்கு பி.சி. உதவித்தொகை நேரத்தில் தம்பி என் மேசை முன்னால் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இதை ஆராய, உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் போட்டு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்ட நாள் 2023 ஏப்ரல் 19. அடுத்த ஆண்டு நாம் ஓட்டுப் போட்டதும் ஏப்ரல் 19. டெல்லி போனதும் இதற்கு என்ன செய்வீர்கள் என்று ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்டேன். ஒருவர், "தலைமைகிட்ட சொல்றோம்மா" என்றார். மற்றவர்கள் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

அந்தத் தேர்தல் நேரத்தில் ஒரு நாள் ஒரு பிரச்சார வண்டி கோயில் முன்னால் வந்து நின்றது. சால்வை, போட்டோ எல்லாம் முடிந்து வண்டி திரும்பப் பார்த்தது. "அந்த முனையைத் தாண்டினால் காலனி. அங்கேயும் நூறு ஓட்டு இருக்கிறது, அவர்களும் இந்தப் பங்குதான். போய்ப் பேசிவிட்டுப் போங்கள்" என்றேன். வண்டியோடு வந்த உள்ளூர்ப் பையன், அவனும் என்னிடம் படித்தவன்தான், சிரித்துக்கொண்டே சொன்னான்: "நம்ம மாதா தேரே இந்த முனையோட திரும்பிடுதே, டீச்சர்."

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த திருவிழாவுக்குத் தேர் காலனி வரை போக வேண்டும் என்று பங்குப் பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)