மண் புரவிக்கு எனாமல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அய்யனார் கோயில்களில் பழைய சுடுமண் புரவிகளுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது வேதனை தருகிறது. சுடுமண் ஈரத்தை உறிஞ்சும். பெயிண்ட் அதை வெளியேற விடாது. உள்ளே தங்கிய உப்பு பூத்து, மேல்தோல் செதில் செதிலாக உதிரும். உடைந்த காலைச் சிமெண்டால் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

குதிரை செய்யச் சொல்லி ஊரார் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண்ணை, கொடுத்த பிறகுதான் குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் மிதித்துப் பிசைந்து, நான்கு கால்களையும் உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பி, அவை இறுகிய பின்பே வயிற்றை ஏற்றுவார். உள்ஈரம் காயாமல் சூளையில் வைத்தால் நீராவியே வெடிக்க வைத்துவிடும். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததையும், நேர்ந்து விட்டபின் வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவதே வழக்கம். மண் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் அடுத்த புரவியெடுப்பு விழாவுக்குப் புதுக் குதிரை வரும்.

நிரந்தரமாகச் சிமெண்ட் குதிரை நிறுத்தினால் பிடிமண்ணுக்கே வேலையில்லை. விழாக் குழுவினர் பெயிண்ட் காசை வேளாரிடம் முன்பணமாகக் கொடுக்கட்டும். புதுப் புரவிக்குச் சுண்ணாம்பும் காவியும் போதும்.

– வாசகர், அறந்தாங்கி