கட்டிட நிர்வாகத்துக்கு, குரல் கதவு பற்றி

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

குரலாலும் கையொப்பத்தாலும் கதவைத் திறக்கும் கருவியின் சோதனை வெற்றி என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தச் சோதனைக்குப் போன இருபது பேரில் நானும் ஒருத்தி, மூன்றாம் மாடியில் கணக்கு எழுதுகிறவள். அங்கே நடந்ததைச் சோதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏசி போட்ட கூட்ட அறையின் கதவைச் சாத்திவிட்டு ஒரு வசனத்தை மூன்று தரம் சொல்ல வைத்தீர்கள், அரை மணித்தியாலம் கழித்து அதே அறையில் திரும்பச் சொன்னதும் பச்சை விளக்கு எரிந்தது, எரியாமல் என்ன செய்யும்? கருவி இருக்கப்போவது வாசலில். காலை எட்டேகாலுக்கு அங்கே மினிபஸ்காரர் ஹோர்னில் கை வைத்தால் எடுக்கமாட்டார், கரண்ட் போனால் ஜெனரேட்டர் இரையும், நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒலிபெருக்கி வேறு. மாரி தொடங்கினால் பாதிப்பேருக்குத் தடிமன், தொண்டை கட்டியிருக்கும்.

கையொப்பமும் அப்படித்தான். நல்ல கருவி எழுத்தின் வடிவத்தோடு நிற்காமல் பேனாவின் வேகம், அழுத்தம், எங்கே தூக்கி எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்கும், அதனால்தான் ஒருவர் என் கையொப்பத்தை அச்சுப்போல வரைந்தாலும் பிடிபடுவார். சரி. ஆனால் நாங்கள் கதிரையில் இருந்து, மேசையில் வைத்துப் போட்டோம். நாளைக்குச் சுவரில் மாட்டிய பலகையில், மற்றக் கையில் சாப்பாட்டுப் பையோடு நின்று போடும்போது அதே வேகமும் அழுத்தமும் வருமா?

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த குரலறி கருவியை அமெரிக்க விமானப்படையும் மைட்டர் என்ற ஆய்வு நிறுவனமும் 1976இலேயே சோதித்திருக்கின்றன. கேட்கவேண்டியது இரண்டு: வரவேண்டியவரை எத்தனை தரம் மறிக்கிறது, வரக்கூடாதவரை எத்தனை தரம் விடுகிறது. ஒன்றைக் குறைக்க இறுக்கினால் மற்றது கூடும். நூறு பேர் ஆளுக்கு நாலு தரம் கதவைக் கடந்தால் 400 தரம், அதில் நூற்றுக்கு 2 மறித்தாலே தினமும் எட்டுத் தரம் ஒருவர் வாசலில் நின்று தன் பெயரைக் கத்தவேண்டும்.

இரண்டாவதை நீங்கள் பார்க்கவேயில்லை, எங்கள் பிரிவுப் பெடியன் ஒருவன் பார்த்தான். நான் வசனம் சொன்னதைப் போனில் பதிந்து, தேநீர் இடைவேளைக்குப் பிறகு கருவிக்கு முன்னால் போட்டுக் காட்டினான். பச்சை. உங்கள் ஆள் சிரித்துவிட்டுப் போனார், அறிவித்தலில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2017இல் பிபிசி நிருபர் ஒருவரின் இரட்டைச் சகோதரர் அவருடைய குரலைப் போலப் பேசி எச்எஸ்பிசி வங்கியின் குரல் சோதனையைத் தாண்டினார். இப்போது குரலை நகலெடுக்க இரட்டையரும் தேவையில்லை.

அட்டை தொலைந்தால் புது அட்டை தருவீர்கள், என் குரல் களவு போனால் எதைத் தருவீர்கள்? இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவைத் தரவை, அதாவது குரல், கைரேகை போல ஆளை அடையாளம் காட்டும் தரவை, விசேட வகையாக வைத்திருக்கிறது. எங்கள் பதிவுகள் எந்தக் கணினியில், யார் கையில், எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுத்தில் தாருங்கள்.

வாசலிலேயே, ஒரு மாதமாவது, களவாக நுழையப் பார்ப்பவர்களையும் சேர்த்துத் திரும்பச் சோதியுங்கள். அதுவரை அட்டையும் காவலாளி ஐயாவும் இருக்கட்டும். பெடியன் போனோடு வரத் தயார், திகதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து