ஆர்க்கிட் இலைப் புள்ளி: மருந்துக்கு முன் மாதத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லை, பாளையங்கோட்டைப் பகுதி வீடுகளில் ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் தொட்டிகள் பெருகிவிட்டன. இலையில் புள்ளி விழுந்ததும் உரக்கடையில் கார்பென்டாசிம் வாங்கி அடிப்பதும் கூடவே பெருகிவிட்டது. அது பூஞ்சை மருந்து. வெயில் காயத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. நம் ஊரில் புள்ளி எந்த மாதம் வந்தது என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் என்றால் பெரும்பாலும் வெயில்தான். மேற்குப் பார்த்த பால்கனியில் வெயில் படும் பக்கம் மட்டும் முதலில் வெளுத்து, பிறகு பழுப்பாகக் காய்ந்து அப்படியே நின்றுவிடும். வெட்ட வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். டென்ட்ரோபியத்துக்கு 50 போதும்.

ஆனி, ஆடிக் காற்று ஈரத்தை உறிஞ்சும்போது சிலந்திப் பேன் வரும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு போல மினுங்கும், நுண்ணிய குழிகள் இருக்கும். நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்பழுப்புக் கோடு விழும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல்: வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடியில் அடியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒன்றாக மூன்று முறை வேண்டும். கந்தகமும் கேட்கும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் இலையைப் பொசுக்கிவிடும். அந்தக் குளிர்ச்சியான நாளை நெல்லையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு. புள்ளி நீர் கோத்தது போல, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியாகத் தெரிந்து, பிறகு கறுத்து, அழுத்தினால் கொழகொழவென்றிருந்தால் பாக்டீரியா. அழுகல் நாற்றமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். புள்ளியின் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்க நேரமில்லை, ஃபெலனாப்சிஸில் குருத்தை எட்டினால் செடி போய்விடும். பச்சைப் பகுதிக்குள் 2 சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் தீயில் காட்டுங்கள். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தடவலாம். வேரில் விழக் கூடாது, வேரைக் காய வைத்துவிடும். தொட்டியைத் தனியே, காற்றாடும் இடத்துக்கு மாற்றுங்கள். பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்கலாம். டென்ட்ரோபியத்துக்கும் பூத்திருக்கும் செடிக்கும் தாமிரம் ஆகாது. குருத்தில் தேங்கிய தண்ணீரைத் துணி முனையால் உறிஞ்சி எடுப்பது இந்த மருந்துகளைவிட மேல்.

கறுப்பு அடித்தண்டிலிருந்து மேலே ஏறினால் அது பைட்டோப்தோரா கருப்பு அழுகல். அதற்கும் கார்பென்டாசிம் கேட்காது. மெட்டலாக்சில், மேங்கோசெப் கலந்த மருந்து லிட்டருக்கு 2 கிராம்.

உண்மையான பூஞ்சைப் புள்ளி காய்ந்து, குழிந்து, ஓரம் தெளிவாக இருக்கும். நுனியில் தொடங்கி, வளையத்துக்குள் வளையமாக, நடுவில் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஆந்த்ராக்னோஸ். முதலில் இலையடியில் மஞ்சளாகத் தோன்றி, பிறகு மேலே வந்து கறுத்தால் செர்கோஸ்போரா. இங்கேதான் கார்பென்டாசிமுக்கு வேலை: லிட்டருக்கு 1 கிராம், பத்து நாள் கழித்து மேங்கோசெப் 2 கிராம். விழுந்த புள்ளி எதற்கும் மறையாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மழைக்கு முன்பே சூடோமோனாஸ் என்ற நோய் தடுக்கும் பாக்டீரியாவைத் தெளிப்பவர்கள், அதோடு தாமிர மருந்தைக் கலக்காதீர்கள். அந்த நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

நுனி மட்டும் கருகினால் போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம். ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள்.

இலையில் திட்டுத்திட்டாகவோ வரிவரியாகவோ நிறம் மாறி, புது இலையிலும் தொடர்ந்தால் வைரஸாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தே கிடையாது. பரப்புவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். செடிக்குச் செடி புது பிளேடு எடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை